பறவைப் படத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி? "அருமை", "ஷார்ப் இல்லை" இரண்டையும் தாண்டி

காட்பாடி கரிச்சான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் புதிதாகப் பறவைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். கீழே வருவது இரண்டே வகைக் கருத்து. ஒன்று "அருமை", "செம்ம". இன்னொன்று "ஷார்ப் இல்லை", "நல்ல லென்ஸ் வாங்குங்க". இரண்டையும் படித்துவிட்டு அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. விவரமாகக் கருத்து எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் வந்த இரண்டு படங்களை வைத்தே கேட்கிறேன்.

படம் 1: காவேரிப்பாக்கம் ஏரி, டிசம்பர், காலை 7 மணி, லேசான மேகம். நத்தைகுத்தி நாரை ஒன்று தண்ணீரிலிருந்து எழும்புகிறது. 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 500 மி.மீ. லென்ஸ், எஃப் 6.3 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/500 விநாடி, ஐஎஸ்ஓ 400 (ஒளி உணர்திறன்). ஏரிக்கரை மேல் நின்று எடுத்தது. 6000 பிக்சல் அகலத்தை 1800 ஆக வெட்டியிருக்கிறார். கண் தெளிவாக இல்லை, சிறகு நுனி இழுபட்டிருக்கிறது, பின்னால் இருக்கும் கோரை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. தலைப்பில் "கொக்கு" என்று போட்டிருக்கிறார்.

படம் 2: பாலாற்று மணல், ஏப்ரல், பகல் 12 மணி. செம்மூக்கு ஆள்காட்டி வாயைத் திறந்தபடி நிற்கிறது, காலடியில் நான்கு முட்டை. படம் நல்ல தெளிவு. எந்த ஊர், எந்தப் பாலத்துக்குக் கீழே என்பது வரை எழுதியிருக்கிறார். இதற்கு ஏற்கெனவே நிறைய "அருமை" விழுந்துவிட்டது.

மனசு நோகாமல், அதே சமயம் உண்மையை மறைக்காமல் இவற்றுக்கு எப்படி எழுதுவது?

பாலாற்றங்கரை

தம்பி, முதல் படத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது வேறு விஷயம், அதற்கு இங்கே சரியான ஆள் இருக்கிறார்.

"ஷார்ப் இல்லை" என்பது நோயாளியிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அது அவருக்கே தெரியும். ஏன் தெளிவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் கருத்து எழுதுபவரின் வேலை. படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி, பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்.

பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அதுதான். எதுவுமே கூர்மையாக இல்லாமல், எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. உடம்பும் கண்ணும் தெளிவு, சிறகு நுனி மட்டும் கலங்கல் என்றால் பறவையின் வேகத்துக்கு ஷட்டர் பத்தவில்லை. இறகு விவரம் மழுங்கி மெழுகு பூசினாற்போல் இருந்தால் நாய்ஸ் (படத்தில் வரும் பொடிப்புள்ளி) குறைக்கும் மென்பொருளை அதிகம் ஓட்டியிருக்கிறார். பறவையின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடினால் ஷார்ப்பன் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது, கானல். மார்ச்சுக்கு மேல் காலை 9 மணி தாண்டினால் பாலாற்று மணலிலும் ஏரி ஓரத்து வறண்ட தரையிலும் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். ஓரங்கள் அலை அலையாக இருக்கும். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தில் ஒன்று தெளிவாகவும் அடுத்தது கலங்கியும் இருக்கும், ஃபோகஸ் நகர்ந்தே இருக்காது. ஷட்டரை 1/4000 ஆக்கினாலும் இது போகாது. விலை உயர்ந்த லென்ஸிலும் போகாது. ஏசி ஓடிய காரின் கண்ணாடியை இறக்கி உடனே எடுத்தாலும் இதே கோளாறு வரும், உள்ளே இருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் சூடும் லென்ஸ் முன்னாலேயே கலப்பதால். இப்படிப்பட்ட படத்துக்கு "லென்ஸ் மாத்துங்க" என்று எழுதினால் அந்தப் பிள்ளை வீட்டில் சண்டை போட்டுப் பணம் வாங்கி வீணாக்கும். "ஏழரைக்குள் எடுங்கள், கிட்டத்தில் உள்ள பறவையை எடுங்கள்" என்பதுதான் சரியான கருத்து.

இப்போது உங்கள் நாரை. கோரை பளிச்சென்று இருக்கிறது, ஆகவே ஃபோகஸ் அங்கேதான் விழுந்திருக்கிறது. அகலமான ஃபோகஸ் பகுதியை வைத்திருந்தால் கேமரா கோடு கோடாக இருக்கும் கோரையைத்தான் முதலில் பிடிக்கும். பகுதியைச் சிறிதாக்கி, தொடர் ஃபோகஸில் (பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் முறை) போட்டு, பறவை நிற்கும்போதே அதன் மேல் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறகு இழுபட்டது தனிக் கோளாறு. எழும்பும் நாரைக்கு 1/500 போதாது, 1/2000 வேண்டும். அதே வெளிச்சத்தில், அதே எஃப் 6.3-இல், ஐஎஸ்ஓ 400-ஐ 1600 ஆக்கினால் 1/500 அப்படியே 1/2000 ஆகிவிடும். இரண்டு ஸ்டாப் ஏறுகிறது, இரண்டு ஸ்டாப் இறங்குகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). புதியவர்கள் ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்படுகிறார்கள். நாய்ஸைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், இழுபட்ட சிறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இந்த ஒரு வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் ஃபோகஸ் தவறியதற்கு அடியில் இருக்கும் காரணம் தூரம், பறவை படத்தில் சிறிதாகிவிட்டது. 6000-ஐ 1800 ஆக வெட்டினால் மிஞ்சுவது பரப்பில் 100-க்கு 9 பங்கு. 24 மெகாபிக்சலில் ஏறக்குறைய இரண்டு. பறவை படச்சட்டத்தில் இருக்கும் அளவைப் பார்த்தால் 70 மீட்டராவது தள்ளி இருந்திருக்கும். இந்த 500 மி.மீ., எஃப் 6.3-இல் 10 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். 70 மீட்டரில் கிட்டத்தட்ட 5 மீட்டர். அதனால்தான் பின்னால் இருக்கும் கோரையும் செடியும் மங்காமல் பறவையோடு போட்டி போடுகின்றன. "பின்னணி கசகசவென்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், அது தூரத்தால் வந்தது என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு ஒரே திருத்தத்தில் ஃபோகஸ், வெட்டு, பின்னணி மூன்றும் புரியும்.

கிட்டே போகச் சொல்வதில் கவனம் தேவை. துரத்தச் சொல்லக்கூடாது. விடியும் முன்பே ஓர் இடத்தில் உட்கார்ந்து, பறவை தானாக மேய்ந்துகொண்டு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லுங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற இடத்தில் உட்கார்ந்தால் அது நம்மைப் பார்த்து எழும்பும். வெயிலும் முதுகுப் பக்கமே இருந்தால் இன்னும் நல்லது.

வாலாஜா வெளிச்சம்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அத்தனையையும் ஒரே கருத்தில் கொட்டினால் வாசிப்பவர் மூச்சு முட்டிப் போவார். ஒரு படத்துக்கு ஒரு பெரிய திருத்தம், ஒரு சின்னத் திருத்தம், அதோடு நிறுத்துங்கள். இந்தப் படத்தில் பெரியது தூரமும் ஃபோகஸும், சின்னது ஷட்டர். மற்றதெல்லாம் அடுத்த படத்துக்கு.

பாராட்டு பற்றி. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று ஒரு பழக்கம் ஓடுகிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்கு படத்துக்கு ஒரே வரிசையில் எழுதினால் ஐந்தாவது படத்தில் பாராட்டைத் தாண்டிக்கொண்டு குறைக்குப் போய்விடுவார்கள். பாராட்டு குறையைப் போலவே குறிப்பாக இருக்க வேண்டும். "நல்ல தருணம்" என்று எழுதாதீர்கள். "காலிலிருந்து நீர் சொட்டும் கணத்தில் அழுத்தியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் எடுத்ததால் மூடிய அலகின் நடுவில் இருக்கும் இடைவெளி தெரிகிறது, நத்தைகுத்தியை அடையாளம் காட்டுவதே அதுதான்" என்று எழுதுங்கள். எதைச் சரியாகச் செய்தோம் என்று தெரிந்தால்தான் அதைத் திரும்பச் செய்ய முடியும். பறவையின் பெயர்த் திருத்தமும் இதிலேயே குத்தாமல் முடிந்துவிடுகிறது. கொக்கு வேறு, நாரை வேறு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கரை மேலிருந்து எடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் வருவது அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் தண்ணீரும் கோரையும்தான். இறங்கி, பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால் பின்னணி எதிர்க்கரைக்குத் தள்ளிப்போய்விடும். அதே லென்ஸ், அதே எஃப் எண், ஆனால் பின்னணி தானாகக் கரைந்துவிடும். "கீழே இறங்கி எடுங்கள்" என்று கட்டளை மாதிரி எழுதினால் பலர் செய்ய மாட்டார்கள். எதற்கு என்று சொன்னால் செய்வார்கள். பெரிய ஏரிகளில் சேறு எங்கே ஆழம் என்று தெரியாது, ஆகவே "மதகுப் பக்கமோ கால்வாய்ப் பக்கமோ கரை தாழும் இடத்தில்" என்று இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வெள்ளைப் பறவைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் ஏரிகளில் பாதிப் படம் கொக்குதான். கரும்பச்சைக் கோரைக்கு முன்னால் ஒரு சின்னக் கொக்கு நின்றால் கேமரா இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அங்கே எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் குறைக்க வேண்டும். அதே கொக்கு சட்டம் முழுக்க நிறைந்தால் நேர்மாறு, கேமரா அதைச் சாம்பலாக்கும், 1 ஸ்டாப் கூட்ட வேண்டும். வெளுத்த வானத்துக்கு முன்னால் கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்கும் கூட்டத்தான் வேண்டும், ஒன்றரை வரை போகலாம். கருத்து எழுதும் முன் ரா ஃபைலின் (கேமரா பதித்த மூலக்கோப்பு) ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்ச வரைபடத்தை, கேளுங்கள். மூன்று நிறமும் வலது ஓரத்தில் மோதி நின்றிருந்தால் ரா ஃபைலிலேயே அந்த இறகு கிடையாது, "எடிட்டில் ஹைலைட்டைக் குறைங்க" என்று சொல்வதில் பயனில்லை. மோதாமல் இருந்தால் சொல்லலாம். களத்தில் திருத்த வேண்டியது எது, மேசையில் உட்கார்ந்து திருத்தக்கூடியது எது என்பதைப் பிரித்துச் சொல்வது மிக முக்கியம். எடுத்தவர் கையில் இப்போது இருப்பது அந்த ஃபைல் மட்டும்தான்.

வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் பார்த்துத் தெளிவைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எக்ஸிஃப் விவரத்தையும் (ஷட்டர், ஐஎஸ்ஓ போன்ற எடுத்த குறிப்பு) அழித்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதி (பறவையை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது), மின்கம்பி வரக்கூடாது, வால் வெட்டுப்படக்கூடாது போன்றவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பனங்காடை நம் ஊரில் கம்பியில்தான் உட்காரும், அது அதன் வாழ்க்கை. கம்பி தலையைக் குறுக்கே வெட்டினால் சொல்லுங்கள், காலுக்குக் கீழே ஓடினால் விட்டுவிடுங்கள். தண்ணீர் மட்டம் சாய்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் சரியாகிவிடும், படமே நிமிர்ந்துவிடும்.

ஜவ்வாது நிழல்

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். இதை அழகு பார்த்து மதிப்பிடும் படமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பறவை என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது, கூழாங்கல் சுற்றிய ஒரு சிறு பள்ளம். ஏப்ரல் நண்பகலில் பாலாற்று மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த நேரத்தில் பறவை முட்டை மேல் உட்காருவது சூடேற்ற இல்லை, நிழல் கொடுக்க. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. படத்தில் அது எழுந்து நிற்கிறது, வாய் திறந்திருக்கிறது. கத்துகிறது அல்லது வெயிலில் இரைக்கிறது, எதுவானாலும் நிம்மதியாக இல்லை. நான்கு முட்டையும் நேர் வெயிலில் கிடக்கின்றன. எடுத்தவர் நகரும் வரை அது திரும்ப உட்காராது. அவர் அங்கே நின்ற நிமிடமெல்லாம் முட்டை வேகிற நிமிடம். ஆள் நின்று பார்க்கிற இடத்தைக் காகமும் நாயும் கவனித்துக்கொண்டிருக்கும் என்பது இதற்கு மேல்.

காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள்ளேயே வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. அதைச் சொல்லுங்கள், ஆனால் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் தனிச்செய்தி. இடப்பெயரை உடனே எடுக்கச் சொல்லுங்கள், இதற்கு நாளை வரை காத்திருக்கக்கூடாது. அதே பாலத்துக்குக் கீழே நாளை ஐந்து பேர் போய் நிற்பார்கள். ஃபைலில் ஜிபிஎஸ் இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். பிறகு படத்தை இறக்கச் சொல்லுங்கள். அவர் இறக்கிய பிறகு, பேர் குறிப்பிடாமல் பொதுவில் ஒரு பதிவு போடுங்கள். அந்த "அருமை" போட்டவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் பாராட்டு விழுந்த படத்தைத்தான் அடுத்தவர் நகல் எடுப்பார்.

தடுத்தால் மட்டும் போதாது, மாற்று வழியும் கொடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இறகை இழுத்துக்கொண்டு நொண்டுகிற பறவையைப் பார்த்தாலும் அப்படியே, அது நம்மைக் கூட்டிலிருந்து விலக்கப் பார்க்கிறது. குஞ்சு பொரித்துத் தாயோடு தண்ணீருக்கு வந்த பிறகு, தூரத்தில் உட்கார்ந்து, காலையிலோ மாலையிலோ எடுக்கட்டும்.

இதே கண்ணோடு மற்றப் படங்களையும் பாருங்கள். புள்ளி ஆந்தை உடம்பை நீட்டி ஒல்லியாக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்து நேராகப் பார்க்கிறதா? படம் எடுப்பவரைக் கண்டு மிரண்டிருக்கிறது. தேவாங்கின் கண் ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளபளக்கிறதா? இரவில் வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். குருவி வழக்கத்துக்கு மாறாகத் திறந்த கிளைக்கு வந்து குரல் கொடுக்கிறதா? கைபேசியில் அதன் குரலை ஒலிக்க விட்டார்களா என்று கேளுங்கள். குற்றம் சாட்டாமல் "எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

அமிர்தியில் (வேலூர் பக்கத்துக் காடு, சிறு உயிரியல் பூங்காவும் உண்டு) எடுத்த படம் வந்தால் பூங்காக் கூண்டில் எடுத்ததா, காட்டில் எடுத்ததா என்று தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். கூண்டில் எடுப்பது தவறில்லை, சொல்லாமல் விடுவதுதான் தவறு. காப்புக்காட்டுக்குள் எடுத்ததென்றால் வனத்துறை அனுமதி வாங்கினார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

காட்பாடி கரிச்சான்

மூன்று பேருக்கும் நன்றி. ஆள்காட்டிப் படத்துக்குத் தனிச்செய்தி அனுப்பிவிட்டேன், இடப்பெயரை எடுத்துவிட்டார். நாரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"காலிலிருந்து நீர் சொட்டும் கணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பக்கவாட்டுக் கோணத்தில் அலகின் இடைவெளி தெரிவதால் இது நத்தைகுத்தி நாரை என்று உடனே தெரிகிறது. ஃபோகஸ் பறவைக்குப் பின்னால் உள்ள கோரையில் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஃபோகஸ் பகுதியைச் சிறிதாக்கி, தொடர் ஃபோகஸில், பறவை நிற்கும்போதே பிடித்து வையுங்கள். பறவை தூரத்தில் இருந்ததால் அதிகம் வெட்ட வேண்டி வந்திருக்கிறது, பின்னணியும் மங்கவில்லை. கரை தாழும் இடத்தில் விடியும் முன் உட்கார்ந்து காத்திருந்தால் இரண்டும் சரியாகும். சிறகு உறைந்து நிற்க 1/2000 வேண்டும், ஐஎஸ்ஓ 1600 வையுங்கள்."

பாலாற்றங்கரை

நன்றாக இருக்கிறது. இரண்டு இடம் மாற்றுங்கள்.

"ஐஎஸ்ஓ 1600 வையுங்கள்" என்று எண்ணைக் கொடுத்தால், வெயில் ஏறிய பிறகும் 1600-லேயே விட்டுவிடுவார். "ஷட்டரை 1/2000-இல் நிறுத்தி, ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு 3200 வரை வரம்பு கொடுங்கள். அன்றைய வெளிச்சத்துக்கு அது 1600 வந்திருக்கும்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, சிறகு உறைந்து நிற்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். சிறகு நுனி லேசாக அசைவது அவர் வேண்டும் என்றே செய்ததாகவும் இருக்கலாம். "சிறகின் அசைவு தெரிய வேண்டும் என்று நினைத்தீர்களா? அப்படியானால் 1/500 இருக்கட்டும், ஆனால் கண் தெளிவாக இருக்க வேண்டும்" என்று ஒரு கேள்வியாகச் சேருங்கள். பதில் வந்த பிறகு ஷட்டர் பற்றி எழுதலாம்.